ட்ரெவின் நெஞ்சு

– இழுக்கா! இன்னும் பலமா!

– இழுத்துட்டுத்தான்டா இருக்கேன். படகு உன்னுது, மோட்டார் உன்னுது. கயிறு இழுக்கறதுக்கு மட்டும் நானா?

– விருந்தாளிக்கு நாங்க குடுக்கிற மரியாதை.

– நல்லா இருக்குடா உன் மரியாதை. முப்பது வயசு ஆம்பளை அந்த முனையில போய் மகாராசா மாதிரி உக்காந்திருக்கான். எழுந்து வந்து இழுடா, ஹெட்லி.

– பாரம் சரியா இருக்க வேணாமா? செயின்ட் ஜான்ஸ் பட்டணத்துக்குப் போய் நீ ஒரு சுத்து பெருத்துட்ட. நீ அந்த முனை, நான் இந்த முனை. இல்லேன்னா கவுந்துடும்.

– வாயைக் கிழிப்பேன்.

– அந்தக் கோவத்தோட ஒரு இழு... ஆங்! பாத்தியா, பத்திக்கிச்சு! அப்பா இருந்திருந்தா இந்நேரம் உன்னைப் படகுக்கே தலைவி, ஸ்கிப்பர் ஆக்கியிருப்பாரு.

– அப்பா இருந்திருந்தா உன் முதுகுல ரெண்டு வெச்சிருப்பாரு. எந்தப் பக்கம் போகணும்?

– நேரா விடு. அந்தக் கறுப்புப் பாறையைத் தாண்டி... மெல்ல... மெல்லக்கா, இது உன் காரு இல்ல... ஏய், ஏன் நிறுத்திட்ட? மீன் இன்னும் அந்தப் பக்கம்.

– மீன் கிடக்கட்டும்.

– என்னது?

– நான் மீன் பிடிக்க வரல.

– அதான பாத்தேன். நேத்து அவ்வளவு தூரம் காரோட்டிட்டு வந்து, காலையில டீ கூடக் குடிக்காம 'படகை எடுடா'ன்னா... சரி, வந்தது வந்தாச்சு. தூண்டிலை இறக்கிட்டே பேசு. நம்மளை மாதிரி ஆளுங்களை சர்க்கார் மீன் பிடிக்க விடறதே வருஷத்துல கொஞ்ச நாள். அம்மா அங்க வாணலியைத் துடைச்சு வெச்சிருக்கா.

– வீட்டுல பேசினா நீ எழுந்து ஷெட்டுக்குப் போயிடுவ. ஷெட்டுக்கு வந்தா கடைக்குப் போயிடுவ. போன்ல பேசினா உனக்கு மட்டும் சிக்னல் போயிடும். இங்க எங்கடா போவ?

– குதிச்சு நீந்துவேன்.

– உனக்கு நீந்தத் தெரியாது.

– ...அது ஒரு குறைதான்.

– அதனாலதான் இங்க கூட்டிட்டு வந்தேன்.

– மாரிவிக் வரச் சொன்னாளா?

– உன் பொண்டாட்டியா? அவ வாயே திறக்கல. நேத்து அந்தப் புளிச் சூப்பை ஊத்தினா, சிரிச்சா, 'இன்னும் கொஞ்சம், அக்கா'ன்னா. நான் உன் பேச்சை எடுத்தப்ப எழுந்து பாத்திரம் கழுவப் போயிட்டா. கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினா.

– சுத்தக்காரி.

– ஹெட்லி...

– அக்கா, தூண்டில்! உன் பக்கம் இழுக்குது!

– இழுத்தா இழுத்துட்டுப் போகட்டும்!

– பாவம் அது. கொக்கியோட தொங்க விடாத. மேல கொண்டு வா... அவ்வளவுதான்... ச்சே. இத்துனூண்டு.

– இதை விட்டுடவா?

– விடக் கூடாதுக்கா. ஒரு நாளைக்கு இத்தனைதான்னு சட்டம், பிடிச்சது பிடிச்சதுதான், கணக்குல வந்துடும். பக்கெட்டுல போடு. இப்ப எல்லாம் இப்படித்தான் வருது. வசந்தத்துல பாக்கணும் நீ, இதே அளவு மீனு வயிறு நிறைய சினையோட திரியுது. பள்ளிக்கூடப் புள்ளைக்கு வயித்துல புள்ளை வந்த மாதிரி.

– ஏன் அப்படி?

– பெரிசா வளர்ந்ததை எல்லாம் அந்தப் பெரிய கப்பல்காரனுங்க வாரிட்டுப் போனானுங்க, வருஷக் கணக்கா. பெரிசாகட்டும், அப்புறம் முட்டை போடலாம்னு காத்திருந்த மீனு போடாமயே செத்துச்சு. அவசரப்பட்டுச் சின்னதுலயே போட்டதுதான் குடும்பம் குட்டின்னு தழைச்சுது. அதுங்க குஞ்சும் அவசரக் குடுக்கை. இப்ப கடல் முழுக்க அவசரக் குடுக்கைங்க.

– ...நம்மளை மாதிரி.

– என்ன நம்மளை மாதிரி?

– அப்பா கல்யாணம் பண்ணப்ப மீசை கூட ஒழுங்கா முளைக்கல. ஆம்ப்ரோஸ் சித்தப்பாவும் அப்படித்தான். நம்ம கார்லண்ட் அண்ணனும் அப்படித்தான். நம்ம வீட்டு ஆம்பளைங்க எல்லாம் சீக்கிரமே கட்டி, சீக்கிரமே பெத்து...

– சீக்கிரமே போய்ச் சேந்தாச்சு. ஆரம்பிச்சிட்டியா? இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தியா?

– இதுக்குத்தான்.

– மோட்டாரைப் போடுக்கா. வீட்டுக்குப் போலாம்.

– நீ வந்து போடு. வா. கயிறு இங்கதான் இருக்கு. வந்து இழு.

– ...உக்காந்தே பேசலாம். சொல்லு.

– கார்லண்ட் போனப்புறம் அந்த டாக்டரம்மா வந்தாங்க இல்ல? சர்ச் ஹால்ல வெச்சு நம்ம குடும்பத்துல எல்லாரும் ரத்தம் குடுத்தோம். அம்மா, நான், சித்தப்பா புள்ளைங்க, அத்தை வீட்டுக்காரங்க. வரிசையில உன் முறை வந்தப்ப நீ...

– சிகரெட் பிடிக்கப் போனேன்.

– உனக்கு சிகரெட் பழக்கமே கிடையாது.

– பழகலாம்னு போனேன்.

– விளையாடாத. அங்கேயிருந்து அப்படியே வீட்டுக்குப் போயிட்ட. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க விடல. ஏன்டா?

– ஏன்னா கார்லண்ட் போறப்ப நீ இல்ல. நான் இருந்தேன். இந்தப் படகுல. நீ இப்ப உக்காந்திருக்க பாரு, அதே பலகையில உக்காந்திருந்தான். எழுந்திருக்காத. பலகை என்ன பண்ணும்? ஏதோ கதை சொல்லிட்டிருந்தான். சிரிச்சிட்டிருந்தான்க்கா. 'ஹெட்லி, அந்த பக்கெட்டை'ன்னான். எடுத்துக் குடுக்கலாம்னு திரும்பினேன். பக்கெட்டோட திரும்பிப் பாத்தா, தலை சாஞ்சு கிடக்கான். சிரிப்பு இன்னும் மூஞ்சியிலேயே இருக்கு. பக்கெட்டை என்ன பண்ணச் சொன்னான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

– இதை நீ என்கிட்ட சொன்னதே இல்லையேடா...

– என்ன சொல்றது? ஊரே சொல்லுதே, ட்ரெவின் நெஞ்சுன்னு. ட்ரெவின் வீட்டு ஆம்பளை நாப்பதைத் தாண்ட மாட்டான். என்னமோ சாபம். எவனோ ஒரு முப்பாட்டன் மூழ்கிட்டிருந்தவனுக்குக் கை குடுக்காம படகைத் திருப்பிட்டு வந்துட்டானாம். அம்மா இன்னும் அதுக்கு மெழுகுவர்த்தி ஏத்தறா.

– சாபமும் இல்ல, பாவமும் இல்லடா. டாக்டரம்மா என்கிட்ட உக்காந்து சொன்னாங்க. எவனோ ஒருத்தன், இங்கிலாந்துல இருந்து மீன் பிடிக்க வந்தவன். அவன் ரத்தத்துல ஒரு எழுத்துப் பிழை. அவ்வளவுதான்.

– நம்ம முதல் பாட்டன் ஜாப் ட்ரெவினா?

– அவனோ, அவன் பொண்டாட்டியோ, மாமனாரோ, யாரோ. அவங்க ஊர்லயே இருந்திருந்தா அத்தனை ஜனத்துக்கு நடுவுல அது ஒரு மூலையில கிடந்து காணாமப் போயிருக்கும். ஆனா இந்தக் குடாவுல வந்து இறங்கினது எத்தனை குடும்பம்? விரல் விட்டு எண்ணிடலாம். குளிர்ல பாதிப் பேர் செத்தாங்க. மிச்சப் பேர் பெத்துத் தள்ளினாங்க. ரோடு கிடையாது. பொண்ணு எடுக்கணும்னா அடுத்த வீடு, இல்லேன்னா அடுத்த குடா. அங்க இருக்கறவனும் இங்கேயிருந்து போனவன்.

– அதாவது எல்லாரும் எல்லாருக்கும் மச்சான்.

– ஆமா. ஒரு கைப்பிடி விதையை எடுத்து ஒரு தீவுல தூவின மாதிரி. அந்தக் கைப்பிடியில தப்பித் தவறி ஒரு சொத்தை விதை இருந்திருக்கு. இப்ப வயல் முழுக்க அது. சும்மா தற்செயல்டா. யாருக்கும் யாரும் துரோகம் பண்ணல.

– அந்த ஆளு அன்னிக்குக் கப்பலைத் தவற விட்டிருந்தா?

– நமக்கு இந்த நெஞ்சு இருந்திருக்காது.

– நாமளே இருந்திருக்க மாட்டோமே.

– ...அதுவும் சரிதான்.

– அப்ப அந்தாளைத் திட்டவும் முடியாது. என்னக்கா இது, திட்டறதுக்குக் கூட ஒரு ஆள் இல்லாத வியாதி?

– நானும் டாக்டரம்மாவைக் கேட்டேன், 'இப்படி ஆளைக் கொல்ற நோய்னா, தானா அத்துப் போயிருக்கணுமே'ன்னு. அதுக்கு அவங்க சொன்னதைக் கேட்டு எனக்கு ஒரு வாரம் தூக்கம் வரல. 'அது புள்ளை பெத்தப்புறம்தான்மா கொல்லுது'ன்னாங்க. அப்பா சாகறப்ப நாம மூணு பேரும் வந்தாச்சு. அதுக்கு என்ன நஷ்டம்? அடுத்த படகுக்கு மாறியாச்சு.

– ...திருட்டுப் பய மவன்.

– யாரு?

– அந்த எழுத்துப் பிழைதான். இரு, ஏதோ படகு வருது.

– ஓய்... ஹெட்லி! யாருப்பா அது கூட? பொண்டாட்டியை மாத்திட்டியா?

– செல்பி மாமா! கண்ணாடியைப் போட்டுட்டுக் கடலுக்கு வாங்க! டல்சி அக்கா!

– அட, டல்சியா! வா கண்ணு, வா! பட்டணத்துக்காரி தூண்டிலெல்லாம் பிடிக்கிறா! அந்தப் பக்கம் மீனே இல்ல, அதான் படகை இந்தப் பக்கம் விட்டேன். உன் வீட்டுக்காரன் லோரன் எப்படி இருக்கான்?

– உங்க புண்ணியத்துல நல்லா இருக்காரு, மாமா. உங்க பையன் இன்னும் ஆல்பர்ட்டாவுல எண்ணெய் வேலையிலதானா?

– அங்கேயே கட்டிட்டான்மா, உக்ரைன்காரப் பொண்ணு. நம்ம குடாவுல பாதி அங்கதான் இருக்கு. சர்ச்சுல இப்ப பாட்டுப் பாடவே ஆள் பத்தல, உன் தம்பி பொண்டாட்டியும் அவ சினேகிதிங்களும்தான் பாடறாங்க. பிலிப்பைன்ஸ் பொண்ணுங்க என்னமா பாடுதுங்க! ஏம்ப்பா ஹெட்லி, கை தேவலாமா? போன வாரம் ஒரு கயிறு தூக்கக் கூட முடியாம நின்னியே!

– தேவலாம் மாமா! நீங்க போங்க, மீன் ஓடிடும்!

– அந்தப் பக்கமா தூக்காதப்பா, ஆறட்டும்! வரட்டா கண்ணு!

– வாங்க மாமா... ஹெட்லி.

– நல்ல மனுஷன். வாய்தான் பெரிசு.

– கையில என்ன?

– ஏணியில இருந்து விழுந்தேன்.

– எப்ப?

– கூரை மாத்தறப்ப.

– அம்மா சொல்லலையே.

– அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டே இருக்க முடியுமா? மாமா சொன்னதைக் கேட்டியா, ஆல்பர்ட்டா கதை? ட்ரெவின் நெஞ்சு இந்நேரம் அங்க போய் எண்ணெய்க் கிணத்துல வேலைக்குச் சேந்திருக்கும். அது இனிமே நம்ம ஊர்ச் சொத்து இல்லக்கா. கனடாவுக்கே சொந்தம்.

– பேச்சை மாத்தாத.

– மாத்தலையே. இப்ப என் வீட்டையே எடுத்துக்க. மாரிவிக் எங்கேயிருந்து வந்தா? பிலிப்பைன்ஸ்ல செபு. அங்க எந்த ஜாப் ட்ரெவின் போனான்? புது ரத்தம். அவ வயித்துல இருக்கற குழந்தை கறுப்பு முடியோட, நல்ல நெஞ்சோட வரும். எங்க வீட்டோட இது முடிஞ்சுது.

– அது அப்படி இல்லடா. ரெண்டு பக்கமும் இருக்கணும்னு இல்ல. ஒரு பக்கத்துல இருந்து வந்தாலே போதும். உனக்கு இருந்தா, நீ யாரைக் கட்டினாலும், குழந்தைக்குப் பாதிக்குப் பாதி...

– தெரியும்.

– ...என்ன தெரியும்?

– இல்ல... யாரோ சொன்னாங்க.

– யாரு?

– யாரோ. அக்கா, உன் ரத்தம் என்ன ஆச்சு? அதைச் சொல்லு முதல்ல. சர்ச் ஹால்ல குடுத்தியே. அம்மா கேக்கறப்ப எல்லாம் 'இன்னும் வரல, இன்னும் வரல'ன்னு சொல்ற. அத்தை புள்ளைங்களுக்கு எப்பவோ வந்துடுச்சு.

– வந்துடுச்சு.

– என்ன வந்துச்சுக்கா?

– எனக்கு இருக்குடா. அதான் வந்தேன். எனக்கும் இருக்கு. பயப்படாத. பொம்பளைங்களுக்கு அது மெதுவாத்தான் வேலையைக் காட்டுமாம். நெஞ்சுல ஒரு சின்ன மெஷின் வெச்சுடுவாங்க. நெஞ்சு தடுமாறினா அதுவே ஒரு அடி அடிச்சு எழுப்பி விட்டுடும். வெச்சுக்கப் போறேன். ஒரு பெரிய விஷயமும் இல்ல. நானே வெச்சுக்கறப்ப உனக்கு என்னடா? நீயும் வா. சேந்தே போலாம். ஒரே ஒரு ஊசி. ரத்தம் எடுத்துப் பாக்கட்டும்.

– ...எந்தப் பக்கம் வெப்பாங்க?

– என்ன?

– மெஷினை. எந்தப் பக்கம்?

– வலது... வலது பக்கம்னுதான் நினைக்கிறேன்.

– நெஞ்சு இடது பக்கம் இருக்கு. மெஷின் வலது பக்கமா?

– ஒயர் இருக்கும்ல.

– ஓ. எவ்வளவு பெரிசு?

– என்னடா, கடைக்காரனை விசாரிக்கிற மாதிரி... தீப்பெட்டி அளவு இருக்கும். போதுமா?

– வெச்சப்புறம் கையைத் தூக்கலாமா?

– ஏன் தூக்கக் கூடாது? தாராளமா தூக்கலாம்.

– வண்டி ஓட்டலாமா?

– ஓட்டலாம்.

– அன்னிக்கேவா?

– அன்னிக்கே!

– டாக்டரம்மா உன்கிட்ட உக்காந்து சொன்னாங்களா இதெல்லாம்?

– ஆமாடா, சொன்னாங்க! இப்ப என்ன, சந்தேகமா?

– இல்ல... கெண்ட்ராவை நினைச்சேன். உனக்கு இருந்தா, உன் பொண்ணுக்கும் பாதிக்குப் பாதி இல்ல?

– அவளுக்கும்... ம். பாக்கணும்.

– பாக்கணும்.

– ஏன் அப்படிப் பாக்கற?

– ஒண்ணுமில்ல. உன் கையைக் குடு.

– எதுக்கு?

– குடுக்கா. நான் அங்க வரல, நீ இங்க வா. மெதுவா, நடுப்பலகையைப் பிடிச்சுக்க... உக்காரு. இப்ப கையைக் குடு. கையுறையைக் கழட்டு. என் சட்டைக்குள்ள... இங்க. இடது தோள் எலும்புக்குக் கீழ.

– என்னடா இது... கட்டியா...

– தீப்பெட்டியை விட கொஞ்சம் பெரிசு. அமுக்காத. இன்னும் வலிக்குது.

– ஹெட்லி.

– ம்.

– ஹெட்லி... எப்படா?

– நண்டு சீசன் முடிஞ்சதும். ஏணியும் இல்ல, கூரையும் இல்ல. இடது கையைத் தோளுக்கு மேல தூக்கக் கூடாது, கொஞ்ச நாளைக்கு. வண்டியும் ஓட்டக் கூடாது. ஓடற மோட்டார்கிட்ட நெஞ்சைக் கொண்டு போகாதன்னாங்க, அதான் இந்த முனையில மகாராசா.

– நான் உன்னைக் கயிறு இழுக்கச் சொன்னேனே... பாவி, வாயைத் திறந்து சொல்லக் கூடாதா...

– நீ இழுக்கறதைப் பாக்க நல்லா இருந்துச்சு.

– சிரிக்காத! எங்க வெச்சாங்க?

– செயின்ட் ஜான்ஸ்ல.

– என் ஊர்லயா? என் ஊருக்கு வந்து, நெஞ்சைக் கிழிச்சு, என் வீட்டுக்கு வரலையாடா நீ?

– ஆஸ்பத்திரி ஜன்னல்ல இருந்து பாத்தா உங்க தெரு தெரியும். அந்த மஞ்சள் வீடு, அதுக்கு அடுத்து உங்க கூரை. மாரிவிக் 'அக்காவைக் கூப்பிடறேன், அக்காவைக் கூப்பிடறேன்'னு ஒரே புலம்பல். நான்தான் அவகிட்ட சத்தியம் வாங்கிட்டேன். பாவம், அதான் நேத்து பாத்திரம் தேய்ச்சுட்டிருந்திருக்கா.

– ஏன்டா? நான் என்ன பண்ணினேன் உனக்கு?

– சொல்றேன். மூக்கைத் துடை முதல்ல.

– வலிச்சுதா?

– அது ஒண்ணுமில்ல. அது உதைச்சாத்தான் வலிக்குமாம். குதிரை உதைச்ச மாதிரி இருக்கும்னாங்க. இன்னும் உதைக்கல. நைட்டு படுத்தா, காலையில மாரிவிக்தான் முதல்ல கண்ணைத் திறந்து என் மூக்குகிட்ட கையை வெச்சுப் பாக்கறா. நான் தூங்கற மாதிரி கிடப்பேன்.

– வேலை?

– நண்டுப் படகுல இனி ஏத்த மாட்டாங்க. ஸ்கிப்பர்கிட்ட இன்னும் சொல்லல. மீன் ஆலையில ஏதாவது கேக்கணும், மெஷினுக்கு ஆகாத வேலையெல்லாம் தள்ளிட்டு. முதல்ல ஒரே எரிச்சலா இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் தோணிச்சு. நாப்பத்தஞ்சு வயசு ட்ரெவின் ஆம்பளை எப்படி இருப்பான்னு இந்த ஊர்ல எவனும் பாத்ததில்ல. நான் காட்டப் போறேன். தொப்பையோட, வழுக்கையோட.

– அம்மாவுக்கு?

– குழந்தை பிறந்தப்புறம் சொல்லலாம்னு இருக்கேன். அதுக்கும் ரத்தம் பாத்துட்டு. இருந்தா இருக்கட்டும். அப்பாவுக்கு என்னன்னே தெரியாது, கார்லண்டுக்குத் தெரிஞ்சுக்க நேரம் இல்ல. இதுக்குப் பிறந்த அன்னிக்கே தெரியும். அந்தத் திருட்டுப் பய இந்தத் தடவை படகு மாறினாலும் மாறட்டும், ஆள் தயாரா நிக்கறோம். இப்பவாவது சந்தோஷப்படுக்கா. ரெண்டு பேருக்கும் மெஷின். ஒரே நாள்ல செக்கப் போலாம். உனக்கு வலது பக்கம், எனக்கு இடது பக்கம்.

– அப்படிச் சொல்லாதடா.

– ஏன்? நீதான சேந்தே போலாம்னு சொன்ன?

– ஹெட்லி... நான் ஒண்ணு சொல்லணும்.

– சொல்லு.

– சொன்னா என் மூஞ்சியைப் பாக்க மாட்ட நீ.

– இந்தப் படகுல பாக்கறதுக்கு வேற மூஞ்சி இல்ல. சொல்லு.

– எனக்கு இல்லடா. எனக்கு அது இல்ல. எப்பவோ சொல்லிட்டாங்க. கோடை ஆரம்பத்துலயே. போன்ல இல்ல, கூப்பிட்டு உக்கார வெச்சுச் சொன்னாங்க. லோரன் கத்திட்டே என்னைத் தூக்கிட்டாரு. நான் நேரா குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திட்டு... கார்லண்ட் மண்ணுக்குள்ள கிடக்கான், நீ இங்க ஒண்ணுமே தெரியாம நண்டு பிடிச்சிட்டிருக்க, நான் மட்டும் தப்பிச்சேன்னு எந்த வாயால சொல்றது? என் பங்கையும் சேத்து உன் தலையில கட்டிட்ட மாதிரி இருந்துச்சு.

– அப்படிப் பங்கு பிரிக்கிறதில்லக்கா அது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா காசு சுண்டறது. உனக்குப் பூ விழுந்தா எனக்குத் தலைன்னு இல்ல.

– டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னாங்க. மண்டைக்குப் புரியுது. மத்ததுக்குப் புரியல. அதான், எனக்கும் இருக்குன்னு சொன்னா, நீ தனியா இல்லேன்னு நினைச்சு வந்து ரத்தம் குடுப்பியேன்னு... அங்கேயிருந்து வர்ற வழி முழுக்க கார்ல சத்தமா சொல்லிப் பாத்துட்டே வந்தேன். 'எனக்கும் இருக்குடா, எனக்கும் இருக்குடா'ன்னு. பெட்ரோல் போடற பையன் முறைச்சுப் பாத்தான். என்னைத் திட்டுடா. ஏதாவது சொல்லு. நீ அந்த ஜன்னல்ல தனியா கிடந்தப்ப நான் நல்ல நெஞ்சோட ரெண்டு தெரு தள்ளி வீட்டுல டிவி பாத்துட்டிருந்திருக்கேன். ஹெட்லி? ஏன்டா சிரிக்கற?

– எனக்கு முன்னாடியே தெரியும்க்கா. ரத்தம் பாத்து இல்லேன்னு ஆகற வரைக்கும் நம்ம குடும்பத்துல எந்தப் புள்ளையும் நெஞ்சு பதற ஹாக்கி ஆடக் கூடாதுன்னு டாக்டரம்மா வந்துட்டுப் போன அன்னிக்கு நீதான சட்டம் போட்ட? ஜூன் மாசம் உன் வீட்டுக்காரர் மாரிவிக்குக்கு ஒரு போட்டோ அனுப்பினாரு, கெண்ட்ரா ஐஸ் அரங்கத்துல நிக்கறா, கையில மட்டை, தலையில அந்தப் பெரிய ஹெல்மெட், பல்லெல்லாம் தெரிய சிரிக்கறா. உனக்கு இல்லேன்னு ஆனாத்தான அவளை ஆட விட்டிருப்ப. ஷெட்டுல போய் உக்காந்து அழுதேன்க்கா, சந்தோஷத்துல. நீ சொல்லட்டும், உனக்காத் தோணறப்ப சொல்லட்டும்னு வாயை மூடிட்டேன். ஆஸ்பத்திரிக்கு உன்னைக் கூப்பிடாததும் அதான், தப்பிச்சதுக்கு மன்னிப்புக் கேக்கற மூஞ்சியோட வந்து நிப்ப, அதைப் பாக்க என்னால முடியாது. அன்னிக்கு சர்ச் ஹால்ல இருந்து நான் ஓடினது, என் ரத்தத்துக்குப் பயந்து இல்ல. மூணு பேருக்கும் இருக்குன்னு வந்துட்டா அம்மாவுக்கு யாருமே மிஞ்ச மாட்டாங்களேன்னுதான். அந்தப் போட்டோ வந்த மறு நாள்தான் நான் போய் ரத்தமே குடுத்தேன்.